சிட்சை என்று யார் சொல்வது? தம்பிக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். கால் உடைந்து, கையில் வந்த வெளிநாட்டு வேலையும் போய்ப் படுத்திருக்கிறாய். பார்க்க வந்த சபைப் பெரியவர் ஒருவர் வேதாகமத்தில் எபிரெயர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தை, சிட்சையைப் பற்றி, அதாவது தேவன் தம் பிள்ளைகளைக் கண்டித்துத் திருத்துவதைப் பற்றிச் சொல்கிற பகுதியை, வாசித்துவிட்டு, "கர்த்தர் உன்னை நேசிக்கிறார், அதனாலதான் அடிச்சு உட்கார வச்சிருக்கார். என்ன பாவம்னு நீயே யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து நீ யோசித்துக்கொண்டே இருக்கிறாய். இதே கேள்வியோடு வேறு பலரும் படுத்திருக்கிறார்கள். அதனால்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு, பெயர் போடாமல், பொதுவில் எழுதுகிறேன்.

அவர் வாசித்த வசனம் சத்தியம். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து, தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்." இதை நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் வசனம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? யோபு 5:17-ஐ எடுத்துப் பார். "இதோ, தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான்; ஆகையால் சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்." புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கலாம் போல இருக்கிறது. சொன்னது யார்? யோபுவின் சிநேகிதன் எலிப்பாஸ். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் சொன்னான். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது இந்த எலிப்பாஸ் மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர் மேலும்தான்.

இப்போது சங்கீதம் 119:71. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது, அதினால் உமது பிரமாணங்களைக் கற்றுக்கொள்ளுகிறேன்." எலிப்பாஸ் சொன்னதற்கும் இதற்கும் கருத்தில் பெரிய தூரம் இல்லை. ஆனால் இதைச் சொல்கிறவன் பட்டவன். அதுவும் பட்டு முடித்த பிறகு, தேவனைப் பார்த்துச் சொல்கிறான். நான் இத்தனை வருஷத்தில் வந்து சேர்ந்திருக்கிற இடம் இதுதான், தம்பி. ஒரு கஷ்டத்தைச் சிட்சை என்று சொல்லும் உரிமை அதைச் சுமக்கிறவனுக்கு மட்டும்தான் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிடையாது.

சரி, "என்ன பாவம்" என்ற கேள்விக்கு வருவோம். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை 12-ஆம் அதிகாரத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் சிக்கல். 10-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படி. அந்த விசுவாசிகள் நிந்தைப்பட்டவர்கள், கட்டப்பட்டவர்களுக்காகப் பரிதபித்தவர்கள், தங்கள் ஆஸ்தி கொள்ளைபோனதைச் சந்தோஷமாகச் சகித்தவர்கள். பாவம் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இல்லை. விசுவாசத்தில் நின்றதற்காக அடிபட்டவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் அந்த நிருபம் இதையும் சிட்சையாகச் சகியுங்கள் என்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் 5:8. "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்று நம் ஆண்டவரைப் பற்றியே எழுதியிருக்கிறது. பாவமே இல்லாத குமாரனுக்கும் பாடுகளின் வழியாகக் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது என்றால், உன் காலில் போட்ட பிளேட்டுக்குப் பின்னால் ஒரு பாவத்தைத் துருவிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன?

தேவன் ஒரு குறிப்பிட்ட பாவத்துக்காகச் சிட்சித்ததே இல்லையா என்று கேட்பாய். உண்டு. தாவீது ராஜாவைச் சிட்சித்தார். ஆனால் அதற்கு முன் தீர்க்கதரிசி நாத்தானை அனுப்பி, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வைத்தார். தாவீது படுக்கையில் புரண்டு யூகிக்க வேண்டியிருக்கவில்லை. விடுகதை போட்டுத் தண்டிக்கிற தகப்பனை நான் வேதத்தில் காணவில்லை.

நம் வீடுகளில் இந்த அதிகாரத்தை நாம் ஒரு பழமொழியோடு சேர்த்தே படித்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்." (அண்ணனாக இதை நான் ஆட்சேபிக்கிறேன்.) பெல்ட்டை உருவின அப்பாக்களின் முகத்தைப் பிதாவுக்கு ஒட்டிவிடுகிறோம். ஆனால் எபிரெயர் 12:10 அந்த அப்பாக்களைப் பற்றி என்ன சொல்கிறது? "அவர்கள் தங்களுக்கு நலமென்று தோன்றினபடி" சிட்சித்தார்கள் என்கிறது. அவர்கள் தப்பும் செய்திருக்கலாம் என்பது அதிலேயே இருக்கிறது. இவரோ நம்முடைய பிரயோஜனத்துக்காகவே. புலம்பல் 3:33-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்று இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம் ஒரு பெண்ணை இந்த அதிகாரத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அது அவன் செய்கிற குற்றம். அதில் தேவனுடைய கையெழுத்தைப் போட்டுக் கொடுக்க நாம் யார்?

டோனாவூர் அம்மாவை, மிஷனரி ஏமி கார்மைக்கேலை, உனக்குத் தெரியும். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து அவர் கால் உடைந்தது. 1951 ஜனவரியில் இறக்கும் வரை பெரும்பாலும் அந்த அறையும் கட்டிலும்தான். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உனக்கு டாக்டர் சொல்லியிருப்பது சில மாதக் கணக்கு. நான் சொல்ல வந்தது வேறு. சுகமாக இருக்கிறவர்கள் வியாதிக்காரர்களுக்கு எழுதுகிற ஆறுதல் தன்னிடம் வந்து ஒட்டவில்லை என்று கண்டு, படுத்திருக்கிறவளாகவே படுத்திருக்கிறவர்களுக்கு அவர் எழுத ஆரம்பித்தார். நான் இப்போது நன்றாக நடமாடுகிறவன். இந்தக் கடிதத்தையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்.

அப்புறம், ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று கேட்டாய். ஜெபத்தை நிறுத்துவது என்று அர்த்தம் இல்லை. அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன உபாதை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். நீயும் கால் குணமாக, வேலை திரும்பக் கிடைக்கக் கேள். பிசியோதெரபிக்கு வருகிறவர் உன் முழங்காலை மடக்கும்போது கத்துகிறாய் என்று அம்மா சொன்னார்கள். கத்து, ஆனால் காலை இழுத்துக்கொள்ளாதே. நான் புரிந்துகொண்ட வரையில் சிட்சைக்கு உடன்படுவதும் அப்படித்தான். வலிக்கவில்லை என்று நடிக்கச் சொல்லி வேதம் எங்கும் கேட்கவில்லை. எந்தச் சிட்சையும் "தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும்" என்று எபிரெயர் 12-இன் 11-ஆம் வசனம் ஒத்துக்கொள்கிறது. பலன் அதில் பழகினவர்களுக்கு, அதுவும் பிற்காலத்தில். அடுத்த வசனமே நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நிமிர்த்தச் சொல்கிறது. அதற்கும் அடுத்தது, முடமாயிருக்கிறது சொஸ்தமாக வேண்டும் என்கிறது.

உன் மெசேஜின் கடைசியில், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். வேலை, விசா என்று ஓடின காலத்தில் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினதே இல்லை, இப்போதுதான் ராத்திரி ஜெபத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. அதற்காகத்தான் கர்த்தர் உன் காலை உடைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்கு அப்படி ஏதாவது தோன்றினால் அவரிடமே சொல்லு. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டிரு.

அந்தப் பெரியவர் மறுபடி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. இந்த வெயிலில் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வந்தவர். எலிப்பாஸின் ஆட்களும் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்தான். கடைசியில் யோபு அவர்களுக்காக வேண்டுதல் செய்தான். போகும்போது அவர் ஜெபிக்கலாமா என்று கேட்டால், இந்த முறை நான் ஜெபிக்கிறேன் ஐயா என்று சொல்லிப் பார்.

கிறிஸ்துவுக்குள்,
உன் அண்ணன்