அப்பாவுக்குத் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி

அன்புடையீர்,

எங்கள் அப்பாவுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய். கண்டுபிடித்தபோதே இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. இன்று அவர் காலையில் காபித் தோட்டத்துக்குப் போய் வருகிறார், ஆள் விட்டு வேலை வாங்குகிறார், பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) விலைக்காக வியாபாரியோடு மல்லுக்கு நிற்கிறார். நோய் போய்விடவில்லை, கட்டுக்குள் இருக்கிறது. இதற்கு உதவியவர்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்ல எங்களுக்கு வாய்க்கவில்லை. சிலருடைய பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி மதுரை டாக்டருக்கு. சிகிச்சைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்களுக்குப் புரிகிறவரை உட்கார்ந்து விளக்கினாரே, அதற்காக.

அப்பாவுக்கு முதலில் விரைகளை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. உடம்பில் அந்த ஹார்மோனின் பெரும்பகுதி விரைகளில்தான் உற்பத்தியாகிறது. அதை நிறுத்தியதும் பி.எஸ்.ஏ. (இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) மளமளவென்று இறங்கியது, இடுப்பு வலி விட்டது. அப்புறம், நாங்கள் நிம்மதியாக இருந்த சமயத்தில், பி.எஸ்.ஏ. மறுபடி ஏறத் தொடங்கியது. அந்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவைப் பார்த்தால் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கும் கீழே, இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. பிறகு ஏன் ஏறுகிறது? வேறோர் இடத்தில் கேட்டபோது "ஹார்மோன் சிகிச்சை ஃபெயிலியர்" என்ற ஒரே வரியோடு அனுப்பிவிட்டார்கள். அறுவை சிகிச்சையே வீண் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

மதுரை டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க ஊர் எதுங்கய்யா?" என்று கேட்டார்.

"பெருமாள்மலை."

"வத்தலக்குண்டு ரோட்டுல மண் சரிஞ்சா கொடைக்கானலுக்கு வண்டியே வராதா?"

"பழனி வழியா வரும். சின்ன வண்டின்னா பெரியகுளத்துல இருந்து அடுக்கம் வழியா ஏறி வந்துரும்" என்றார் அப்பா.

"எல்லாம் எங்க வந்து சேருது?"

"எங்க ஊருக்குத்தான்."

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று கோடுகளை இழுத்து ஒரு புள்ளியில் சேர்த்தார். விரைகளை நீக்கியது பெரிய ரோட்டை அடைத்த மாதிரி. ஆனால் சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆண் ஹார்மோனாக மாறக்கூடிய கச்சாப் பொருளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டிக்குள் இருக்கும் நொதிகள் (ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றித் தரும் புரதங்கள்) அதை எடுத்து டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொள்கின்றன. இது டெஸ்டோஸ்டிரோனைவிட வீரியம் கூடியது. சில கட்டிகளில் டெஸ்டோஸ்டிரோனாக மாறாமலே குறுக்கு வழியில் அந்த வடிவத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ரத்தத்தில் ஹார்மோன் குறைவாகத் தெரியும்போதே கட்டிக்குள் தேவையான அளவு இருக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகளையும் கட்டி பெருக்கிக்கொள்கிறது, கொஞ்சம் கிடைத்தாலும் போதும் என்கிற நிலைக்கு வந்துவிடுகிறது.

"அப்போ ஆபரேஷன் வீண் இல்ல" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி முழுச் சாப்பாடு சாப்பிட்டார். அந்தச் சீட்டை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

அடுத்து எங்கள் பூம்பாறை மாமாவுக்கு. அவரும் அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இந்த நோயைப் பற்றி ஆண்கள் வாய் திறப்பதில்லை. அப்பா மகளிடம் சொல்ல மாட்டார், அம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில், ஊரே கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கும்போது, அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா பயந்துபோனார். ஹார்மோன் குறைந்ததால் வரும் உஷ்ண அலை அது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், தனக்கும் வந்தது என்று மாமாதான் சொன்னார். அப்பாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்த அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. மாமா, அந்தப் பேச்சை எந்த டாக்டராலும் பேசியிருக்க முடியாது.

இரண்டாம் கட்டமாக அப்பாவுக்கு அபிராடிரோன் மாத்திரை ஆரம்பித்தார்கள். இது சி.ஒய்.பி.17 என்ற நொதியை அடைக்கிறது. அட்ரீனலிலும் கட்டிக்குள்ளும் ஆண் ஹார்மோன் உருவாக அந்த நொதி வேண்டும். கூடவே பிரட்னிசோலோன் 5 மில்லிகிராம். "ஸ்டீராய்டா? உடனே நிறுத்துங்க" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! மருந்துக்கடைத் தம்பிதான் அம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். நொதியை அடைத்ததும் அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பும் குறைகிறது. அதைச் சரிக்கட்ட மூளை அட்ரீனலை இன்னும் விரட்டுகிறது. அப்போது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும் ஹார்மோன்கள் மிதமிஞ்சிப் போய், ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது, பொட்டாசியம் இறங்குகிறது. அந்த விரட்டலை அடக்கத்தான் இந்தச் சின்ன மாத்திரை. நாமாக நிறுத்தினால் ஆபத்து. தம்பி, நீங்கள் அன்று அந்த அரைமணி நேரத்தை ஒதுக்காவிட்டால் அம்மா நிச்சயம் நிறுத்தியிருப்பார்.

வெறும் வயிற்றில்தான் அபிராடிரோன் மாத்திரை என்பதை அப்பாவின் மண்டையில் ஏற்றியவரும் அவரே. எங்கள் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் காய்க்கிறது. விடிந்ததும் ஒன்றை அறுத்துச் சர்க்கரை தூவிச் சாப்பிடுவது அப்பாவின் நெடுநாள் வழக்கம். கொழுப்புள்ள உணவோடு அபிராடிரோன் போட்டால் ரத்தத்தில் கலக்கும் அளவு 10 மடங்குவரை கூடிவிடும். அதனால் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மாத்திரை, மாத்திரை போட்டு 1 மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. இப்போது பழம் பதினோரு மணிக்கு மாறியிருக்கிறது. (செலவு தாங்காதவர்களுக்குக் குறைந்த அளவு மாத்திரையை லேசான காலை உணவோடு கொடுக்கும் முறையும் உண்டு. 2018-ல் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.)

மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா, மழையானாலும் ஏறி வந்து பி.பி. பார்த்தீர்கள். அப்பாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, குழி விழுந்ததைக் கண்டு உடனே மதுரைக்குப் போன் போடச் சொன்னது நீங்கள்தான். பொட்டாசியம் குறைந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. மதுரையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை நனையாமல் கொண்டுவந்து தந்த கண்டக்டர் அண்ணனுக்கும், அறுவை சிகிச்சையின்போது காப்பீட்டு அட்டை வேலைக்காக அலைந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் மிக்க நன்றி.

இனி, எங்களை அறியாதவர்களுக்கு. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்று 1941-ல் சிகாகோவில் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடைத்த பிறகும் கட்டி எப்படித் தப்பிக்கிறது என்று தோண்டிப் பார்த்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. அமெரிக்காவில் ஆய்வாளர் நிமா ஷரீஃபியின் குழு 2013-ல் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. அட்ரீனல் சரக்கை மாற்றித் தரும் நொதி ஒன்று சிலருக்குப் பரம்பரையாகவே சற்று வேறு வடிவில் இருக்கிறது. அது சீக்கிரம் சிதையாமல் நின்று வேலை செய்வதால் அவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை சீக்கிரமே பலனிழக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நோய் திரும்பியது அப்பா எதையோ தவறாகச் செய்ததால் அல்ல.

அபிராடிரோனை லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கினார்கள். 2011-ல் அதற்கு அனுமதி வாங்கித் தந்த பெரிய சோதனையில் 1,195 நோயாளிகள் சேர்ந்தார்கள். எல்லோருமே கீமோ பார்த்தும் நோய் மீறிப்போனவர்கள். அவர்களில் 398 பேருக்கு பிரட்னிசோனோடு (இதுவும் அதே வகை ஸ்டீராய்டுதான்) கிடைத்தது மருந்தில்லாத வெற்று மாத்திரை. தங்களுக்கு எது கிடைக்கும் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் பலருக்கு அப்பாவின் வயதுதான் இருந்திருக்கும். அந்த வீடுகளுக்கு எங்கள் வணக்கம் போய்ச் சேர வேண்டும் என்று அம்மா என்னிடம் தனியாகச் சொல்லி எழுதச் சொன்னார்.

இந்த மாத்திரையும் ஒரு நாள் வேலை செய்யாமல் போகலாம். ஏற்பியே உருமாறி, ஹார்மோன் இல்லாமலே இயங்கத் தொடங்குவது உண்டு என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்போது டோசிடாக்சல் கீமோ இருக்கிறது, அதற்கப்புறமும் வழிகள் இருக்கின்றன. அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் இந்த வருஷம் புதுக் காபி நாற்று நட்டிருக்கிறார்.

கொடைக்கானல் பக்கம் யாருக்காவது இதே சிகிச்சை தொடங்குவதாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாத்திரை நேரம், பி.பி., பொட்டாசியம், பி.எஸ்.ஏ. எல்லாம் எழுதிவைத்த நோட்டு இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளலாம். பி.பி. மிஷினும் இரவல் தருகிறோம். ஆண்கள் வந்தால் அப்பாவே பேசுவார். பூம்பாறை மாமாவையும் வரச் சொல்கிறோம்.

அப்பா, அம்மா சார்பில்,
மூத்த மகள்,
பெருமாள்மலை.