தடைக்காலமும் ரெசின் டிரம்மும்: ஃபைபர் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

கண்ணாடி நார் குத்தி, கை அரித்து, ராத்தூக்கம் கெட்டவன்தான் நானும், வெளியாள் இல்லை. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை ஒட்டவும் விரிசல் அடைக்கவும் நமக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வெயில் உச்சியில் நிற்பதும் அதே நாட்களில்தான். சிக்கலே அங்கேதான்.

அந்த நாரைப் படகோடு இறுக்கிப் பிடிக்கும் பிசின்தான் ரெசின்; அதில் இருக்கும் ஸ்டைரின் என்ற திரவத்துக்குத் தீப்பற்று நிலை சுமார் 31 டிகிரி. அந்தச் சூட்டைத் தாண்டிவிட்டால் அதிலிருந்து கிளம்பும் ஆவி, ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். சித்திரை மதியம் நம் கொட்டகைக்குள் எவ்வளவு சூடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரஷ் கழுவும் அசிட்டோன் இன்னும் மோசம்; அதற்குச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியே போதும், ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் பற்றும். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். ஆவி தினமும் இருந்தது அண்ணே, பொறி வந்து சேரவில்லை.

இரண்டு ஆவியும் காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடும். படகின் கிடங்குக்குள் இறங்கி மேட் ஒட்டினால் அந்தக் கிடங்கே ஆவித் தொட்டிதான். பக்கத்தில் ஒருவர் கிரைண்டர் போடுவார், அந்தப் பக்கம் டீ அடுப்பு எரியும், தலைக்கு மேலே கீற்றுக் கூரை. காச்சாங்காற்று அடித்தால் கொஞ்சம் கலையும், அது அடங்கிவிட்டால் ஆவி அங்கேயேதான் கிடக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் கேட்டலிஸ்ட் ஊற்றி மீந்த ரெசின் கலவையை வாளியோடு மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் வாளி இளகிப் புகைந்துகொண்டிருக்கிறது! தீக்குச்சி யாரும் கிழிக்கவில்லை. குவியலாகக் கிடந்தால் இறுகும்போதே அது தானாகச் சூடேறும். (நல்லவேளை, கீற்றுக்கு எட்டவில்லை.)

சரி, என்ன கேட்கிறேன்? ரெசின் வாங்கும் இடத்தில் அதற்கான பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள், தீப்பற்று நிலை என்ற அந்த ஒரு வரியை நம் கொட்டகைச் சூட்டோடு வைத்துப் பாருங்கள். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும், அந்த இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள், இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். டீ அடுப்பும் கிரைண்டரும் கொட்டகையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

தடைக்காலத்துக்கு முன்னால் ஒரு மதியம் கூப்பிடுங்கள், டிரம்மை எங்கே நிறுத்துவது என்று சேர்ந்தே பார்ப்போம். தெர்மாமீட்டர் நான் கொண்டு வருகிறேன்.