ஞாயிறு ஆற்று நடை: ஸ்ரீவைகுண்டம்

நண்பர்களே, வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கூடுகிறோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுவே கடைசி. ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. வடகாலும் தென்காலும் இங்கிருந்துதான் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. பொதிகையில் பாறைக்குப் பாறை குதித்த ஆறு, இங்கே அகன்று நிதானமாக நடக்கிறது. எனக்கு இந்த ஆறுதான் கூடுதல் அழகு! நாணல் ஓரம் நீர்க்காகமும் மீன்கொத்தியும் இருக்கும்; தொலைநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள்.

வெயில் ஏறியதும் ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்குப் போவோம். அலெக்சாண்டர் ரீ 1899-இல் அகழாய்வைத் தொடங்கிய இடம். முதுமக்கள் தாழிகளைப் புதைத்த இடத்திலேயே கண்ணாடி வழியே பார்க்கலாம்.

அணைக்கட்டுப் பக்கம் குளிக்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. குளிக்க ஆசைப்படுபவர்களுக்குத் திரும்பும் வழியில் முறப்பநாடு படித்துறை இருக்கிறது. சோப்பு, ஷாம்பு கொண்டுவராதீர்கள். வருபவர்கள் வெள்ளிக்குள் பெயர் சொல்லுங்கள்.