சிவப்பு வட்டம் யாருக்கு?

நம் அணியின் கோச்சுக்கும், தேர்வின்போது அவரோடு உட்காரும் எல்லோருக்கும்,

வணக்கம். கூடைப்பந்து ஆட்டம் தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது நீங்கள் ஸ்கோரர் மேசைக்கு வருவீர்கள். முதலில் இறங்கும் ஐந்து பேர் யார் என்று குறித்துவிட்டு, ஷீட்டில் கையெழுத்துப் போட்டுப் போவீர்கள். அந்த ஐந்து எண்களுக்கு நேராக ஆளுக்கொரு பெருக்கல் குறி இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொன்றையும் சுற்றி நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். அப்புறம் இறங்குகிறவர்களுக்கும் குறி உண்டு, வட்டம் மட்டும் கிடையாது. பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அதற்கு முன் ஃபார்வர்டாக ஆடிக் கொண்டிருந்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பவர் ஃபார்வர்ட், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் மோதி ஆடுகிற ஃபார்வர்ட், அந்த இடத்துக்கு இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், ஜெர்சி எண்ணையே சொல்கிறேன். 8-ஆம் எண் நன்றாக ஸ்கோர் செய்கிறவர். முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, தோளால் ஒரு தட்டுத் தட்டித் திரும்பிப் போட்டால் பாதிக்கு மேல் உள்ளே போகும். 14-ஆம் எண் அப்படி இல்லை. அவர் பெயருக்கு நேராக என் ஷீட்டில் புள்ளிகள் குறைவாகத்தான் விழுகின்றன. பேச்செல்லாம் 8 பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். என் எண்ணம் வேறு. 14 தொடங்க வேண்டும், 8 பெஞ்சிலிருந்து வர வேண்டும். ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் என் ஷீட்டைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறீர்கள். அதில் புள்ளி இருக்கிறது, ஃபவுல் இருக்கிறது, டைம் அவுட் இருக்கிறது. ரீபவுண்டுக்கு, அதாவது தவறிய ஷாட்டில் தெறித்து வரும் பந்தைப் பிடிப்பதற்குக்கூட, அதில் இடம் கிடையாது. தனியாக ஸ்டாட் எழுதுகிற ஆளை வைத்தால் ரீபவுண்டும், கூடை விழ வழிசெய்த பாஸான அசிஸ்டும் கிடைக்கும். அப்போதும் பிடித்தவர் பெயர்தான் பதிவாகும், பிடிக்க வழி செய்தவர் பெயர் வராது.

போன பயிற்சி ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எதிர் அணி மூலையிலிருந்து ஷாட் போட்டது. பந்து கையை விட்டுக் கிளம்பியதும் நம் ஆட்கள் எல்லோரும் வளையத்தைப் பார்த்தார்கள். 14 மட்டும் பார்க்கவில்லை. எதிர் அணியில் உயரமானவர் எங்கே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார், முன்னங்கையை அவர் மார்பில் வைத்தார், அப்படியே சுழன்று இடுப்பைத் தாழ்த்தி அவர் தொடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்த மாதிரி நின்றார். அந்த ஆள் இடமும் வலமும் தள்ளிப் பார்த்தார். 14-இன் ஷூ தரையில் தேய்கிற சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து, யாரும் இல்லாத இடத்தில் ஒருமுறை குத்தியது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற நம் பாயிண்ட் கார்டு சாவகாசமாக வந்து எடுத்துக்கொண்டு ஓடினார். ரீபவுண்ட் கார்டுக்கு. அடுத்த நான்கு விநாடியில் லேஅப் (வளையத்தை ஒட்டிப் போய்ப் போடுவது), அதுவும் கார்டுக்கு. 14-க்கு ஒன்றும் இல்லை. அவர் அந்த நேரத்தில் நம் வளையத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார், பந்தைக் கையால் தொடக்கூட இல்லை.

இதைத்தான் பாக்ஸ் அவுட் என்று தினமும் கத்திச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். தேர்வு என்று வரும்போது மட்டும் அதற்கு மதிப்பெண் போட மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் இப்போது பாக்ஸ் அவுட்டையே தனிக் கணக்காக எண்ணுகிறார்கள். நமக்கு அந்தக் கருவியெல்லாம் வேண்டாம், ஒரு ஆளும் ஒரு பென்சிலும் போதும். நானே எழுதித் தருகிறேன்.

அடுத்தது இடம். எனக்கு இதுதான் பெரிய காரணம். வளையத்தடியில் ஆடும் நம் சென்டர் எங்கே நின்று பந்து வாங்குகிறார்? இடப்பக்க போஸ்ட்டில். 8 எங்கே வாங்க விரும்புகிறார்? அதே இடப்பக்க போஸ்ட்டில், வளையத்தை ஒட்டிய அதே ஓரத்தில். இருவரும் ஒன்றாக இறங்கினால் ஒருவர் வலப்பக்கம் போகிறார், அரை மனதோடு. அவர்களைக் காக்கிற, அதாவது தடுத்து நிற்கிற, எதிர் அணியின் இரண்டு பேரும் வளையத்துக்கு முன்னுள்ள பெயிண்ட் பகுதியை விட்டு நகர வேண்டிய தேவையே இல்லை. நம் கார்டு வேகமாக உள்ளே நுழைந்தால் முன்னால் மூன்று உடம்பு. வேறு வழியில்லாமல் வெளியே வீசுகிறார், ஷாட் போடுவதற்கான நேரத்தை எண்ணும் ஷாட் கிளாக் ஓடிவிடுகிறது, கடைசியில் 8-க்கே பந்து போகிறது, அவரும் கஷ்டப்பட்டு ஒன்றைப் போட்டுவிடுகிறார். பார்க்கிறவர்களுக்கு "8 இல்லையென்றால் இந்த அணி என்னவாகும்" என்று தோன்றுகிறது. அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

14 இறங்கும்போது அவர் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் நிற்கிறார். அங்கே ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது எதிராளியின் வழியை உடம்பால் மறித்து நிற்கிறார், பந்து வந்தால் ஒரு விநாடிக்கு மேல் கையில் வைப்பதில்லை. அவரைக் காக்கிறவர் மேலே ஏறி வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் விட்டுவிட்டால் அங்கிருந்து சென்டருக்கு நேராகப் பந்து போய்விடும். சென்டருக்கு ஒற்றை ஆளோடு மோதும் வாய்ப்புக் கிடைக்கிறது. கார்டுக்கு வழி திறக்கிறது. 14 வெளியிலிருந்து போடுகிறவர் இல்லை, அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். அதை அவர் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் அவர் உள்ளே இருக்கும்போது மற்ற நான்கு பேர் ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள். அந்த நான்கு பேரைத்தான் நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம். அதில் அந்த நான்கு பேருக்குப் பொருந்துகிறவர் யார் என்பதுதானே கேள்வி? தனித்தனியாக நிறுத்தி இருவரில் யார் உசத்தி என்று கேட்டால் 8 என்றுதான் நானும் சொல்வேன்.

பெரிய அணிகளிலேயே இது நடந்திருக்கிறது. 2014-15 சீசன் தொடங்கும் முன் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பவர் ஃபார்வர்ட் டேவிட் லீ. 2013-இல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர், ஸ்கோரிங்கும் ரீபவுண்டும் கைவந்தவர். தொடைத் தசையில் காயம் பட்டு அவர் உட்கார, அந்த இடத்தில் டிரேமண்ட் கிரீன் இறங்கினார். அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2012-இல், 35-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், அந்த இடத்துக்கு உயரம் குறைவு என்று சொல்லப்பட்டவர். ஆனால் யாரையும் காப்பார், பாஸ் கொடுப்பார், மற்றவர்களைக் கத்தி நகர்த்துவார். லீ குணமாகித் திரும்பியபோது கோச் ஸ்டீவ் கெர் பழைய வரிசைக்குத் திரும்பவில்லை. அந்த சீசனில் 67 வெற்றி, கடைசியில் சாம்பியன் பட்டம்.

அதே அணியில் இன்னொரு கதையும் உண்டு. ஆந்த்ரே இகுவோடாலா அதுவரை தன் என்பிஏ வாழ்க்கையில் ஒரு ஆட்டத்தில்கூட பெஞ்சிலிருந்து வந்ததில்லை. அவரைப் பெஞ்சுக்கு அனுப்பி இளையவரான ஹாரிசன் பார்ன்ஸைத் தொடங்க வைத்தார் கெர். பார்ன்ஸ் முந்தைய வருடம் பெஞ்சிலிருந்து வந்து தடுமாறியவர், முதல் ஐவரோடு ஆடினால் அவருக்குச் சுலபமாக இருக்கும், இகுவோடாலா எங்கே இறங்கினாலும் சமாளிப்பார் என்பது கணக்கு. சீசன் முழுக்க அப்படியே போனது. 2015 இறுதித் தொடரில் கிளீவ்லேண்டிடம் 2-1 என்று பின்தங்கியபோது, நான்காவது ஆட்டத்தில் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுவோடாலாவைத் தொடங்கவிட்டார். ஆட்டம் தொடங்கியதும் 7-0 என்று வாரியர்ஸ் பின்னால் போனது. அந்த இடத்தில் பயந்து மாற்றியிருந்தால் கதை வேறு. மாற்றவில்லை, 21 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது இகுவோடாலாவுக்குப் போனது.

நான் இதில் எடுத்துக்கொள்வது என்னவென்றால், கெர் ஒரே ஆளை சீசனில் பெஞ்சிலும் கடைசியில் தொடக்கத்திலும் வைத்தார், இரண்டு முறையும் சரியாகவே செய்தார். இகுவோடாலா அதற்குள் மாறிவிடவில்லை. சுற்றி நின்ற நான்கு பேரும் எதிரே நின்ற ஐந்து பேரும் மாறினார்கள்.

8-ஐ உட்காரவைத்தால் அவருடைய ஸ்கோரிங் வீணாகிவிடும் என்று நீங்கள் சொல்வது புரிகிறது. வீணாகாது. முதல் ஐவரில் இருவர் ஓய்வெடுக்கப் போகும்போது நம் அணி நான்கைந்து நிமிடம் புள்ளியே எடுக்காமல் திணறுவதை நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அந்த நேரத்துக்கு, இடப்பக்க போஸ்ட் காலியாக இருக்கும்போது, பந்து தேடிவருகிற ஒரு ஆள் வேண்டும். அங்கே 8 ராஜா. பாஸ்டன் செல்டிக்ஸில் கெவின் மெக்ஹேல் அப்படித்தான் வந்தார். 1984, 1985 இரண்டு வருடமும் சிறந்த ஆறாவது வீரர் விருது அவருக்கு. 1985-இல் செட்ரிக் மேக்ஸ்வெல்லுக்கு முழங்காலில் அடிபட்டதும் தொடக்க வரிசைக்கு வந்தார், மார்ச் 3 அன்று டெட்ராய்டுக்கு எதிராக 56 புள்ளி எடுத்தார். மேக்ஸ்வெல் சாதாரண ஆள் இல்லை, 1981 இறுதித் தொடரின் சிறந்த வீரர். இருந்தும் அதன்பின் சில சீசன்கள் மெக்ஹேல் தொடக்க வரிசையில்தான் இருந்தார். அப்படி ஒரு நாள் 8-க்கும் வரலாம். வந்தால் வட்டம் போட எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. லீ, மேக்ஸ்வெல் கதைகள் இரண்டிலும் ஒருவருக்கு அடிபட்ட பிறகுதான் மற்றவர் யார் என்று தெரிந்தது. நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் பயிற்சியில் அதே நான்கு பேரோடு ஒரு நாள் 8, ஒரு நாள் 14 என்று இறக்குங்கள். எதிரே நிற்கிற ஐவரையும் மாற்றாதீர்கள். அவரவர் புள்ளியை விட்டுவிட்டு, அவர் உள்ளே இருந்த நேரத்தில் அணி எடுத்தது எத்தனை, கொடுத்தது எத்தனை என்று மட்டும் பாருங்கள். ப்ளஸ் மைனஸ் என்கிற இந்தக் கணக்கை ஒரே ஆட்டத்தில் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பக்கத்தில் நின்றவர் அன்றைக்கு மூன்று த்ரீ பாயிண்ட்டர் போட்டிருந்தால் இவர் கணக்கும் ஏறிவிடும். ஃபவுலையும் பாருங்கள். ஐந்தாவது ஃபவுலோடு வெளியே போக வேண்டிய விதியில், முதல் குவார்ட்டரிலேயே இரண்டு வாங்குகிற பழக்கம் 8-க்கு உண்டு. என் ஷீட்டில் அது நன்றாகவே தெரியும். இரண்டு வார முடிவில் நான் சொன்னது தவறு என்று வந்தால் 8-ஐத் தொடங்கவிடுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கடைசி குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தனி முடிவு. ஒரு கூடை அவசியமான நேரத்தில் 8 உள்ளே இருக்கட்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, இதை எழுதத் தூண்டியதே இதுதான். நான் ஆடிய காலத்தில் ஒரு சீசன் நடுவில் என்னைத் தொடக்க வரிசையிலிருந்து எடுத்தார்கள். யாரும் சொல்லவில்லை. வார்ம் அப் முடிந்து, ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு ஆடுகளத்துக்குள் போனேன். சக ஆட்டக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி, "இன்னைக்கு நான் தொடங்கறேன்னு சொன்னாங்க" என்றார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் சட்டையை மாட்டினேன். கை தலைத்துளையைத் தேடிக்கொண்டே இருந்தது. எடுத்தது சரியான முடிவு என்று இன்றைக்கு எனக்குத் தெரியும், அவர் என்னைவிட நன்றாகக் காத்தார். ஆனால் அந்த சீசன் முழுக்க நான் கோச்சின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இறங்கிய நிமிடங்களிலும் என்னைத் தூக்கியது தவறு என்று காட்டுவதற்காகவே ஷாட் போட்டேன். பக்கத்தில் ஆள் காலியாக நிற்பது தெரிந்தும் போட்டேன். அணிக்கு அதனால் எத்தனை ஆட்டம் கெட்டதோ.

8 என்னைவிடக் கோபக்காரர். அதனால் கேட்டுக்கொள்கிறேன், முடிவு எதுவானாலும் ஆட்டத்துக்கு முந்தைய நாளே அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இரண்டாவது குவார்ட்டரில் எந்த நிமிடம் இறங்குவார், யாரோடு ஆடுவார், பந்து எங்கே வரும் என்று போர்டில் வரைந்து காட்டுங்கள். 14-இடமும் பேசுங்கள். தான் ஏன் தொடங்குகிறோம் என்று அவருக்கும் தெரியாது. புள்ளி எடுத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்து அவசரப்பட்டுவிட்டால் இவ்வளவும் பாழ்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான்தான் மேசையில் இருப்பேன். பாக்ஸ் அவுட் கணக்குக்குத் தனியாக ஒரு தாள் கோடு போட்டு வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஸ்கோரர்