கிழக்கு மாட வீதி நடைபாதைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கோபுர வாசலிலிருந்து குளக்கரை வரையுள்ள நடைபாதையில் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்வையற்றவர்களும் யார் துணையும் இல்லாமல் போய்வருவதற்கான வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

சாய்தளம் எதற்கு இவ்வளவு நீளம், வாசலையே அடைக்கிறதே என்கிறார்கள். 1 அடி ஏற 12 அடி ஓட வேண்டும், அதுதான் கணக்கு. நம் வாசல் படி ஒன்றரை அடி உயரம், ஆக 18 அடி. மேஸ்திரி 6 அடியில் முடித்துத் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னார், செலவும் குறைந்திருக்கும், ஆனால் அந்தச் சரிவில் ஸ்கூட்டரை வேண்டுமானால் ஏற்றலாம், தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி வருகிறவர் பாதியில் பின்னால் சாய்ந்துவிடுவார். கல்லுக்கு பாலிஷ் போடாததும் தெரிந்தேதான். மழையில் வழுக்கும்.

மஞ்சள் ஓடுகள் அழகுக்குப் பதித்தவை அல்ல, பார்வையற்றவர்கள் மேடான கோட்டையும் புள்ளியையும் காலாலோ கைத்தடியாலோ உணர்ந்து வழி அறிவதற்கு. ஜப்பானில் மியாகே செய்இச்சி என்பவர் 1965-இல் உருவாக்கியது, 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள். கோடு இருந்தால் நேரே போகலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும், எதிரே படியோ சாலையோ வருகிறது. உபயதாரர் ஒருவர் அதில் தன் பெற்றோர் பெயரைப் பொறிக்கக் கேட்டார். ட்யூப்லைட்டில் எழுதினால் வெளிச்சம்தான் குறையும், இதில் எழுதினால் காலுக்கு வழியே தப்பிப்போகும் என்றோம். சிரித்துவிட்டார். பெயர் இப்போது மண்டபச் சுவரில்.

பெரிய தலைவலி, வண்டிகள் ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் நட்ட குட்டைத் தூண்கள். நெருக்கி நட்டால் சக்கர நாற்காலி நுழையாது, 1.2 மீட்டர் விட்டால் பைக்கும் ஜோராக நுழைகிறது. நாற்காலிக்கு வழிவிட்டு பைக்கை மட்டும் தடுக்கிற இடைவெளி என்று ஒன்று கிடையாது, அதனால் தாராளமாகவே விட்டிருக்கிறோம். போன பிரதோஷத்தன்று புள்ளி ஓட்டின்மேல் நின்ற வண்டிகளில் பாதி நம் உறுப்பினர்களுடையவை. பெயர் சொல்லவில்லை, ஆனால் நம்பர் எல்லாம் தெரியும். குளத்துக்கு வடக்கே காலியிடம் இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள்.

அப்புறம், தேரோட்டத்தில் ஓடுகள் கொஞ்சம் உடையத்தான் செய்யும். மாற்றுவதற்கு 2 பெட்டி வாகன மண்டபத்தில் இருக்கிறது, சாவி குழுச் செயலாளரிடம்.