ஜிபிஎஸ் கருவிக்கு எந்தச் சார்ஜர் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். சுற்றியுள்ள கடலோர ஊர்களிலிருந்து மீனவர்களின் கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பல கடல் நீரில் கெட்டவை அல்ல. கரைக்கு வந்தபின், கருவிக்குப் பொருந்தாத சார்ஜரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகியதால் கெட்டவை. இதற்கு வாங்கியவரின் கவனக்குறைவைக் காட்டிலும், கருவியோடு சுவர் சார்ஜரைத் தராமல் வெறும் வயரை மட்டும் வைத்து விற்பதும், எந்தச் சார்ஜர் வேண்டும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதாததுமே பெரிய காரணங்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடைக்குப் போய்ச் சார்ஜர் கேட்பவர் முதலில் பார்ப்பது முனை உள்ளே போகிறதா என்பதைத்தான். விற்பவரும் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார். ஆனால் உருண்டை முனை கொண்ட அடாப்டர்களில் 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் மூன்றும் ஒரே அளவு முனையோடு கிடைக்கின்றன. வீட்டில் இணைய ரவுட்டருக்கு வந்த 12 வோல்ட் அடாப்டர், 5 வோல்ட் கேட்கும் கருவியின் துளையிலும் அழகாக உட்கார்ந்துவிடும். சார்ஜர் என்று நாம் அழைப்பது உண்மையில் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி மட்டுமே. மின்கலத்தை நிரப்பும் சுற்று கருவிக்குள் இருக்கிறது. முழுதாக நிரம்பும்போதும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத லித்தியம் அயன் மின்கலத்தை, வெளியிலிருந்து 5 வோல்ட் வரும் என்று நம்பி அந்தச் சுற்று நிரப்புகிறது. அங்கே 12 வோல்ட் நுழைந்தால் பாதுகாப்புப் பாகம் முதலில் எரியும். கொடுப்பினை இருந்தால் சேதம் அதோடு நிற்கும். படகின் 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக ஏற்கும் பழைய மாடல்களும் உண்டு. அவற்றில் சிலவற்றில் பேட்டரிக்கென ஒரு துளையும், 5 வோல்ட்டுக்கென யுஎஸ்பி துளையும் அருகருகே இருக்கும். எனவே ஒரு கருவி 12 வோல்ட் தாங்கும் என்று கேள்விப்பட்டாலும், எந்தத் துளையில் என்று கேட்காமல் இணைக்கக் கூடாது. உருண்டை முனையில் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் கருவிக்குக் கருவி மாறும். அதைக் காட்டும் சிறிய வட்டக் குறி அடாப்டரின் முதுகிலும் கருவியின் துளைக்கு அருகிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

வோல்ட் சரியாக இருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு கண்டிப்பு தேவைப்படும்போது, ஆம்பியர் விஷயத்தில் மக்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குடிப்பவர் தாகத்துக்கு மேல் குடிப்பதில்லை. அதுபோல 5 வோல்ட், 1 ஆம்பியர் கேட்கும் கருவியை 5 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜரில் இணைத்தால் கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆபத்து குறைவதில் இருக்கிறது: 1 ஆம்பியர் வேண்டிய கருவிக்கு அரை ஆம்பியர் சார்ஜரைக் கொடுத்தால், திரையை எரியவிட்டு மின்னேற்றும்போது மின்கலம் நிரம்புவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போகலாம், மலிவான சார்ஜர் சூடேறவும் செய்யும். மடிக்கணினிக்கு வந்த 65 வாட் டைப் சி சார்ஜரில் ஜிபிஎஸ் கருவியைப் போடலாமா என்று கேட்கிறார்கள். யுஎஸ்பி முறைப்படி ஒழுங்காகச் செய்யப்பட்ட சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். மறுமுனையில் உள்ள கருவி கேட்டால் மட்டுமே 9 அல்லது 20 வோல்ட்டுக்கு உயரும். கேட்கத் தெரியாத ஜிபிஎஸ் கருவிக்கு 5 வோல்ட்டே கிடைக்கும் என்பதால் தாராளமாகப் போடலாம்.

எல்லாம் பொருந்தியும் கருவி மின்னேற மறுப்பதைப் பார்த்து, மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்குபவர்கள் உண்டு. பழைய கருவிகளில் உள்ள மினி யுஎஸ்பி முனையில் ஐந்து பின்கள் இருக்கின்றன; இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு, மீதமுள்ள ஒன்று அடையாளத்துக்கு. சில நிறுவனங்கள் தம் சொந்த வயரில் அந்த அடையாளப் பின்னுக்கு ஒரு மின்தடையை இணைத்து, இது மின்சாரத்துக்கான வயர், கணினி வயர் அல்ல என்று கருவிக்குத் தெரிவிக்கின்றன. கடையில் வாங்கிய சாதாரண வயரில் அந்தப் பின் எதனோடும் இணைந்திராது. அப்போது கருவி தன்னைக் கணினியில் செருகியிருப்பதாக எண்ணி, திரையில் கணினிப் படத்தைக் காட்டிவிட்டு வரைபடத்தைத் திறக்காமல் நின்றுவிடும். கணினியின் யுஎஸ்பி 2 துளை கொடுப்பது அரை ஆம்பியர்தான் என்பதால், அதற்கு மேல் இழுக்கத் துணியாமல் மெதுவாக மின்னேறுவதும் இதே குழப்பத்தால்தான். சார்ஜருக்குள் இரண்டு தரவு வயர்களையும் ஒன்றாக இணைத்து வைத்திருந்தால், கருவி அதைச் சுவர் சார்ஜர் என்று அறிந்து ஒன்றரை ஆம்பியர் வரை எடுக்கும். பெயரற்ற மலிவுச் சார்ஜர்களில் இந்த இணைப்பை விட்டுவிடுவது வழக்கம். டைப் சி துளை உள்ள மலிவான கருவிகளில் வேறொரு வேடிக்கை நடக்கிறது. இருபுறமும் டைப் சி உள்ள வயரில் மின்சாரம் வர, கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிட்டால், அந்த வயரில் ஒரு சொட்டு மின்சாரமும் ஏறாது; ஒருபுறம் பழைய தட்டை யுஎஸ்பி முனை உள்ள வயரில் உடனே ஏறும். எனவே கருவி செத்துவிட்டது என்று சொல்வதற்குமுன் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஏஏ அளவு பேட்டரி போடும் கருவிகளில் யுஎஸ்பி துளை இருப்பதாலேயே உள்ளே போட்ட பேட்டரி மின்னேறும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலான மாடல்களில் அந்தத் துளை கருவியை இயக்குவதற்கும் தரவு மாற்றுவதற்கும் மட்டுமே. அவற்றுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி வாங்கி, அதற்குரிய தனிச் சார்ஜரில் மின்னேற்றிப் போடுவதே சரி. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய ஆல்கலைன் பேட்டரியை அந்தச் சார்ஜரில் வைத்தால் கசியலாம், வெடிக்கவும் செய்யலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் கொண்டுவரும் சார்ஜர்கள் எங்கள் பகுதியில் அதிகம். துபாயிலிருந்து வரும் சார்ஜரின் முனை மூன்று செவ்வகக் கால்களோடு இருந்தாலும் அங்குள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ நம்முடையதே என்பதால் முனை மாற்றி ஒன்று போதும். அமெரிக்காவிலிருந்து வருவதில் இன்புட் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அது கருகிவிடும். இங்கே வாங்கும் சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவ்வமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிச் சரிபார்க்கலாம். குறியை அச்சடிப்பது யாருக்கும் எளிது என்பதால் இதைச் செய்துவிடுவது நல்லது. கடலிலிருந்து வந்த கருவியின் துளையை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுதும் காயவிட்ட பிறகே சார்ஜரைச் செருக வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உப்பு ஈரம் படிந்த பின்களில் மின்சாரம் பாய்ந்தால் அவை சில நாட்களிலேயே பச்சை பிடித்து அரித்துப் போகும்.

இவ்வளவையும் ஒரு மீனவர் தெரிந்துகொண்டுதான் சார்ஜர் வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கொண்டுவந்த பொதுச் சார்ஜர் ஆணை, 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு மட்டுமின்றிக் கையடக்க வழிகாட்டிக் கருவிகளுக்கும் டைப் சி துளையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்பதைப் படமாகவும், குறைந்தது எத்தனை வாட் வேண்டும், அதிகம் எத்தனை வாட் எடுக்கும் என்பதை எண்ணாகவும் அச்சிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம் நாட்டிலும் டைப் சி-க்கான தரம் வகுக்கப்பட்டு 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதையொட்டி நடக்கும் பேச்சில் கைப்பேசியும் மடிக்கணினியும் அடிபடும் அளவுக்கு ஜிபிஎஸ் கருவி அடிபடுவதில்லை.

எனவே, வாட் எண்களும் படக்குறியும் கொண்ட அந்தச் சீட்டை இங்கு விற்கும் எல்லா ஜிபிஎஸ் கருவிகளின் பெட்டியிலும், தமிழ்நாட்டில் விற்பவற்றில் தமிழிலும், கட்டாயமாக்குமாறு மத்திய நுகர்வோர் விவகாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு எந்த நிறுவனமும் கருவியின் வடிவமைப்பை மாற்ற வேண்டியதில்லை, அச்சுச் செலவு மட்டுமே. மீனவர்களுக்கு மானியத்தில் இத்தகைய கருவிகளை வழங்கும்போது, அதற்கான ஒப்பந்தப்புள்ளியிலேயே பதிவு எண் உள்ள சுவர் சார்ஜரையும் உரிய வயரையும் சேர்த்துக் கேட்குமாறு மாநில மீன்வளத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகோள் விடுக்கிறேன்.

இங்ஙனம்,
பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.