நேபாளத்து பீர்கஞ்சுக்குப் போகும் மூட்டைகள்: நம் ஜவ்வரிசி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

"ரயிலைத்தான் தனியாருக்கு விட்டுவிட்டார்களே, இன்னும் ஏன் லாரி வாடகையிலேயே பில் போடுகிறீர்கள்?" இந்த மாதம் மட்டும் பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். லோடு ஏறும் நேரத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தண்டவாளத்தை யாரும் விற்கவில்லை. 2006 வரை நம் நாட்டில் கன்டெய்னர் ரயில் ஓட்டியது அரசின் கன்டெய்னர் நிறுவனமான கான்கார் மட்டும்தான். அந்த வருடம் தனியாருக்கும் உரிமம் கொடுக்கும் கொள்கை வந்தது. நாடு முழுக்க ஓட்டும் உரிமத்துக்கு அப்போது கட்டணம் 50 கோடி ரூபாய். வேகனும் சரக்கு பிடிப்பதும் கம்பெனியின் பாடு. பாதை, இன்ஜின், ஓட்டுநர், சிக்னல் எல்லாம் ரயில்வேயுடையது. ரயில்வே சொல்லும் இழுவைக் கட்டணத்தைக் கம்பெனி கட்டியே ஆக வேண்டும். லாரியின் பாடி மட்டும் உங்களுடையது, இன்ஜினும் டிரைவரும் அடுத்தவருடையது என்றால் வாடகையில் எவ்வளவு இறங்கி வர முடியும்?

நமக்கு முக்கியமான வருடம் 2021. அதுவரை நேபாளத்துக்குக் கன்டெய்னர் ரயில் ஓட்ட கான்காருக்குத்தான் அனுமதி. அந்த ஜூலையில் இரு நாடுகளும் 2004 ரயில் ஒப்பந்தத்தைத் திருத்தி, உரிமம் பெற்ற தனியாருக்கும் வழி திறந்தன. பீகார் எல்லையில் இருக்கும் ரக்சாலைத் தாண்டி பீர்கஞ்சின் சரக்கு முனையம் வரை நம் அகலப்பாதையே போகிறது. எல்லையில் இறக்கி ஏற்றும் வேலை இல்லை.

அதன் அருமை போன மழைக்காலத்தில் தெரிந்தது. நம் சரக்கு ஏற்றிய லாரி எல்லையில் நான்கு நாள் வரிசையில் நின்றது. தார்ப்பாய் ஓரம் கிழிந்து, 11 மூட்டை நனைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், மணிமணியாக உதிர வேண்டிய சரக்கு, கிண்டி ஆறவைத்த களி மாதிரி ஒரே பாளம். அந்த நஷ்டத்தில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

சரி, எல்லாவற்றையும் ரயிலிலேயே அனுப்பலாமே? ஒரு முழு ரயில் என்பது 90 இருபதடி கன்டெய்னர். ஒரு கன்டெய்னர் நிரம்பவே நம் 90 கிலோ மூட்டை இருநூறாவது வேண்டும். உங்களில் பலர் அனுப்புவது முப்பது, நாற்பது. மில்லிலிருந்து ரயிலில் ஏற்றும் முனையம் வரை எப்படியும் லாரிதான். அங்கே ரயில் நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

ரோட்டில் லாரி குறையுமா என்றும் கேட்கிறீர்கள். மெக்சிகோ 1990களிலேயே ரயிலைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. 2023 முதல் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை ஒரே கம்பெனி ரயில் ஓட்டுகிறது. ஆனாலும் அமெரிக்க எல்லையில் லாரிடோ பாலத்து லாரி வரிசை ஓய்ந்தபாடில்லை. வியாபாரம் பெருத்ததில் இரண்டுக்குமே சரக்கு கிடைத்தது. இங்கும் நெடுந்தூர ஓட்டம் கொஞ்சம் குறைந்து, முனையத்துக்குப் போய்வரும் குறுந்தூர ஓட்டம் கூடும் என்றுதான் நினைக்கிறேன். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் என்று ஆபத்தாக நியூட்ரலில் இறங்கும் வண்டிகளைப் பார்க்கும்போது, ரயிலே நிரம்பட்டும் என்று லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் எனக்கே தோன்றுகிறது. லாரி வைத்திருக்கும் சங்ககிரி நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆடிப் பண்டிகை முடிந்ததும் இப்படிச் செய்யப்போகிறோம். இருநூறு மூட்டைக்கு மேல் இருந்தால் கன்டெய்னர். குறைவாக இருந்து அவசரமும் இல்லையென்றால், சேலம் செவ்வாய்ப்பேட்டை குடோனில் நாலைந்து பேர் சரக்கைச் சேர்த்துக் கன்டெய்னரில் ஏற்றுவோம். இறக்கி வைத்த முதல் பத்து நாளுக்குக் குடோன் வாடகை கிடையாது. நவராத்திரி விரதத்துக்கு வடக்கே போய்ச் சேர வேண்டிய சரக்கு மட்டும் பழையபடி லாரியில்தான். ரயிலை நம்பி நாள் குறித்துக் கொடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எந்த வழியானாலும் சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை போட்டே அனுப்புங்கள். உறை இல்லாத மூட்டையை இனி ஏற்ற மாட்டோம்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை புக்கிங் ஆபீஸிலிருந்து